'செம ஃபிகர்' என்று எழுதியதில் அவர் தப்பா, வார்த்தை தப்பா?

நெடில் கேட்டது:

வணக்கம். நானும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து இணையத்தில் ஒரு மொழிப் பரிமாற்றக் குழு நடத்துகிறோம். எனக்கு நீ ஸ்பானிஷ் சொல்லிக்கொடு, உனக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்கிற ஏற்பாடு. யாராவது தன் படத்தைப் போட்டால், மற்றவர்கள் தாங்கள் படிக்கும் மொழியில் அதற்குக் கீழே ஒரு வரி எழுதுவார்கள், நல்ல பயிற்சியாகவும் இருந்தது. போன வாரம், தமிழ் படிக்கும் பிரேசில்காரர் ஒருவர் ஒரு தமிழ்ப் பெண்ணின் படத்துக்குக் கீழே 'செம ஃபிகர்' என்று எழுதினார். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை, குழுவை விட்டே போய்விட்டார்.

இவரிடம் கேட்டால் என்ன நடந்தது என்றே இவருக்குப் புரியவில்லை. பசங்க பேசும்போது கேட்டுப் பிடித்துக்கொண்ட வார்த்தை, எல்லோரும் சந்தோஷமாகத்தானே சொன்னார்கள் என்கிறார். அவருடைய போர்ச்சுகீசில் அழகான பெண்ணை 'காத்தா' என்பார்கள், பெண்பூனை என்று பொருள், ஆணென்றால் 'காத்தோ'. பழகியவர்களிடம் அதை நேரிலேயே சிரித்துக்கொண்டு சொல்லலாமாம். பூனை என்று சொன்னால் மகிழ்கிறார்கள், உருவம் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்களா என்று கேட்கிறார், எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

குழுவை நடத்துகிறவர்களில் பாதிப் பேர், மொழிக்கு மொழி ஒரு தடைப் பட்டியல் போட்டுவிடலாம் என்கிறார்கள். இத்தனை மொழிகளுக்கும் யார் பட்டியல் போடுவது, போட்டாலும் அது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று எனக்குச் சந்தேகம். ஒருவரின் தோற்றத்தைப் பற்றிய கொச்சை வார்த்தைகளில் எது முகத்துக்கு நேரே சொல்லத்தக்கது, எது காயப்படுத்தும் என்பதைப் புதிதாக மொழி படிக்கும் ஒருவருக்கு எப்படிப் புரியவைப்பது? வேறு மொழிகளோடு பழக்கமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அந்தப் பெண்ணிடம் நான் தனியாகப் பேச வேண்டும், அதற்கு முன்னால் எனக்கே தெளிவாக வேண்டும்.

ஆய்தம் எழுதியது:

அந்த வார்த்தையை அவர் எங்கே கேட்டார் என்பதிலேயே பதில் இருக்கிறது. பசங்க தங்களுக்குள் பேசும்போது கேட்டிருக்கிறார். 'அவ செம ஃபிகர்டா' என்று ஒருவன் நண்பனிடம் சொல்வான். அதே ஆள் அந்தப் பெண்ணின் எதிரில் போய் நின்று 'நீங்க செம ஃபிகர்ங்க' என்று சொல்வானா? வாய் வராது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த தன்மை, முன்னிலை, படர்க்கை ஞாபகம் இருக்கிறதா, அதுதான் விஷயம். சில பாராட்டுகள் படர்க்கையில் மட்டுமே புழங்குகிறவை. யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவர் காதில் விழக்கூடாது என்று சொல்பவனுக்கே தெரியும். 'கட்டை' அப்படி. மலையாளத்தில் பெண்ணைச் 'சரக்கு' என்பதும் இந்தியில் 'மால்' என்பதும் அப்படி, இரண்டுக்குமே விற்பனைப் பொருள் என்றுதான் அர்த்தம். இவற்றில் பாராட்டப்படுவது பெண் இல்லை, பார்க்கிறவனின் ஆசைதான் அங்கே பேசுகிறது. அதனால்தான் கேட்கிற பெண்ணுக்கு உடம்பு கூசுகிறது.

அவருக்கு இதைத் தமிழை வைத்து விளக்க முயலாதீர்கள். அவருடைய மொழியிலேயே 'கொஸ்தோசா' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. ருசியானவள் என்று பொருள், சாப்பாட்டுக்குச் சொல்கிற அதே வார்த்தை. முன்பின் பழக்கமில்லாத பெண்ணின் படத்துக்குக் கீழே, பத்துப் பேர் பார்க்கிற இடத்தில், 'கொஸ்தோசா' என்று எழுதுவீர்களா என்று மட்டும் கேளுங்கள். மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. 'ஃபிகர்' என்பது 'காத்தா' பக்கம் இல்லை, 'கொஸ்தோசா' பக்கம்.

அகராதி இதில் உதவாது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆளை ஒரு பொருளோடு ஒப்பிட்டாலே அவமானம் என்று நினைத்துவிட முடியாது. எபிரேயத்தில் அழகான ஆணை 'ஹதிக்' என்பார்கள், பெண்ணை 'ஹதிகா', அடிப்படைப் பொருள் துண்டு. அங்கே அது சர்வசாதாரணமாகப் புழங்குகிற பேச்சு. தமிழில் ஒருவரைப் 'பீஸு' என்றால் கதையே வேறு. துருக்கியில் 'தாஷ் கிபி', கல்லைப் போல, என்றால் கட்டான அழகு என்று அர்த்தம், நம் காதுக்கு நெஞ்சில் ஈரமில்லாத ஆள் என்று கேட்கும். பாரசீகத்தில் 'ஜிகர்', அதாவது ஈரல், பேச்சுவழக்கில் ஆளை அசத்துகிற அழகு. லெபனான், சிரியா பக்க அரபியில் மனசுக்குப் பிடித்தவர்களைப் பார்த்து, நீ என்னைப் புதைக்க வேண்டும் என்பார்கள். நீ இல்லாத உலகத்தில் நான் இருக்கக்கூடாது, உனக்கு முன்னால் நான் போய்விட வேண்டும் என்று அதற்குள் அவ்வளவு பாசம் இருக்கிறது. வார்த்தையை மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தால் அது சாபம்.

ஆகவே பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்: இதை அந்த மொழிக்காரர்கள் அவரிடமே சொல்கிறார்களா, இல்லை அவரைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்களா?

தூரிகை எழுதியது:

ஆய்தம் சொன்னது சரி, ஆனால் மொழி படிக்கிறவர்கள் பெரும்பாலும் விழுவது கொச்சை வார்த்தைகளில் இல்லை என்பது என் அனுபவம். பாடப்புத்தகத்தில் முதல் வாரத்திலேயே வருகிற 'நல்ல' என்ற வார்த்தையில் விழுகிறார்கள். ஸ்பானிஷில் 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு வினைகள். 'எஸ் புவேனா' என்றால் அவள் நல்லவள். 'எஸ்தா புவேனா' என்றால் உடம்பைப் பார்த்து எச்சில் விடுகிற பேச்சு. பிரெஞ்சில் நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்துவதற்கு வருகிற அதே 'பொன்' என்ற சொல்லை 'எல் எ பொன்' என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் பச்சையான பேச்சாகிவிடும். அழகானவள் என்று பொருள்படும் 'பெல்' என்று சொல்லியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. 'சூடு' என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒருவரை 'ஹாட்' என்பது பத்திரிகைத் தலைப்பில்கூட வரும், அதை அப்படியே பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ தூக்கிக்கொண்டு போய் 'நான் சூடாக இருக்கிறேன்' என்றால் காமத்தில் இருக்கிறேன் என்று ஆகிவிடும். தமிழில் 'அவர் சூடா இருக்கார்' என்றால் கோபம், அவ்வளவுதான்.

இடம் மாறினாலும் பொருள் மாறும். ஸ்பெயினில் 'குவாப்போ' என்றால் அழகன். கியூபாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் சண்டைக்கு நிற்கிறவன், முறைக்கிறவன் என்கிற பொருளிலும் வரும். ஸ்பெயினில் 'மோனா' என்றால் பார்க்க அம்சமாக இருக்கிறவள், கொலம்பியாவில் பொன்னிறக் கூந்தல்காரி, அகராதியைப் பிரித்தால் பெண்குரங்கு. ஆங்கிலத்துக்குள்ளேயே 'ஹோம்லி' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர் வரன் விளம்பரங்களில் அது உயர்ந்த பாராட்டு, குடும்பப் பாங்கான பெண். ஒரு அமெரிக்கப் பெண்ணிடம் சொன்னால் நீ பார்க்கச் சகிக்கவில்லை என்று சொன்ன மாதிரி. 'ஸ்மார்ட்' என்பதை நாம் அழகான ஆணுக்குச் சொல்கிறோம், 'ஆளு செம ஸ்மார்ட்டா இருப்பான்' என்று. அமெரிக்கர் அதைக் கேட்டால் தன் மூளையைப் புகழ்ந்ததாக எடுத்துக்கொண்டு நன்றி சொல்வார், இரண்டு பேரும் சந்தோஷமாகப் போய்விடலாம், அது ஒன்றுதான் நல்ல விபத்து.

காலத்தையும் மறந்துவிடக் கூடாது. ஜெர்மனில் 'கைல்' என்பது ஒரு காலத்தில் காம வெறியைக் குறித்தது, 1980களில் இளைஞர் பேச்சில் 'செம' என்கிற அளவுக்கு நீர்த்துவிட்டது. இன்றைக்குச் செருப்பு, பாட்டு, வண்டி எதை வேண்டுமானாலும் 'கைல்' என்கிறார்கள். ஆனால் ஒரு மனிதரைப் பார்த்துச் சொன்னால் பழைய வாடை திரும்ப வந்துவிடும். ஜப்பானியத்தில் 'யாபாய்' என்பது ஆபத்து என்று பொருள்படும் நிழலுலகப் பேச்சு, இப்போதைய இளைஞர்களுக்கு ஆச்சரியத்திலிருந்து புகழ்ச்சி வரை எல்லாமே 'யாபாய்'தான். தடைப் பட்டியல் எழுதி முடிப்பதற்குள் பாதி வார்த்தைகள் இடம் மாறியிருக்கும்.

இன்னொன்று. இரவல் வார்த்தைக்கு எப்போதும் கொஞ்சம் தூரம் உண்டு. தமிழில் ஒரு ஆண் ஒரு பெண்ணைப் பார்த்து 'நீ அழகா இருக்கே' என்றால் அது கிட்டத்தட்டக் காதலைச் சொன்ன மாதிரி. அதையே 'க்யூட்டா இருக்கு', 'சூப்பரா இருக்கு' என்று இரவல் வார்த்தையில் சொன்னால் ஒன்றும் நடக்காத மாதிரி கடந்துவிடலாம். அந்தத் தூரம்தான் மொழி படிக்கிறவர்களை ஏமாற்றுகிறது. அந்நிய மொழியின் கெட்ட வார்த்தை நம் நாக்கைச் சுடாது, கேட்கிறவர் காதைத்தான் சுடும்.

மல்லாரி எழுதியது:

மொழியியல் எல்லாம் அருமை. ஆனால் வெளியேறியது ஒரு பெண், அவரைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

ஆய்தம் சொல்கிற முன்னிலை, படர்க்கைச் சோதனை இரண்டு பக்கமும் ஓட்டை. நான் நன்றாக உடுத்திக்கொண்டு வந்தால் என் தோழி என் முகத்துக்கு நேரே 'ஏய், இன்னிக்குச் செம ஃபிகரா இருக்கேடி' என்பாள். எனக்குக் கூசாது, சிரிப்பேன். அங்கே வேலை செய்வது 'ஃபிகர்' இல்லை, கடைசியில் வருகிற அந்த 'டி'. அந்த 'டி' போட எனக்கும் அவளுக்கும் உரிமை வர எவ்வளவு பழகியிருக்கிறோம். அந்த உரிமை இல்லாதவர் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் எப்படி? பிரேசில்காரருக்கு 'டி' எங்கே போடலாம் என்று கற்றுக்கொடுத்தீர்களா? அது தெரியாதவருக்கு 'ஃபிகர்' தெரிந்து என்ன பயன்?

அப்புறம், நேரில் சொல்லிவிட்டால் மட்டும் அது பாராட்டு ஆகிவிடாது. தெருவில் போகிற பெண்ணைப் பார்த்துக் கத்துவதெல்லாம் முன்னிலைதான். ஸ்பானிஷ் பேசுகிற நாடுகளில் அதற்குப் 'பிரோப்போ' என்று பெயரே உண்டு, கவித்துவமான வரியெல்லாம் சொல்வார்கள், அது ஒரு கலை என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது தொல்லை என்று சொல்லிச் சொல்லிப் பெண்கள் ஓய்ந்துபோயிருக்கிறார்கள். பிரான்ஸ் 2018இல் பொது இடத்தில் இப்படிப் பேசிப் பெண்களைச் சிறுமைப்படுத்துவதற்கு அபராதம் விதிக்கிற சட்டமே கொண்டுவந்தது. வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் கேட்காமல் ஒரு அந்நியர் எனக்கு மதிப்பெண் போடுகிறார், அது பிடிக்கவில்லை என்றால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடக்க வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சியிலும் இது வந்திருக்கிறது. நியூசிலாந்தில் ஜேனட் ஹோம்ஸ் 1980களில் பாராட்டுப் பேச்சுகளைச் சேகரித்து ஆராய்ந்தார். பாராட்டை அதிகம் சொல்கிறவர்களும் அதிகம் பெறுகிறவர்களும் பெண்கள்தான், அதில் பெரும்பகுதி தோற்றத்தைப் பற்றியது. பெண்களுக்குள் அது நெருக்கத்தைக் காட்டுகிற பேச்சு. அதைப் பார்த்துவிட்டு, ஓ, பெண்களுக்குத் தோற்றத்தைப் பாராட்டினால் பிடிக்கும்போல என்று அந்நிய ஆண் ஒருவர் முடிவுகட்டினால் தப்பான இடத்தில் போய் நிற்பார். அதே சொல் நெருக்கம் இல்லாத இடத்தில் எடைபோடுவதாகத்தான் விழும்.

இன்னொரு தகவல் உங்கள் குழுவுக்கு நேரடியாக உதவும். ஜோன் மேன்ஸ், நெஸ்ஸா வுல்ஃப்சன் என்ற இருவர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஆங்கிலத்தில் மக்கள் உண்மையாகச் சொன்ன பாராட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் வந்த பெயரடைகளில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் ஐந்து சொற்கள்: நைஸ், குட், ப்யூட்டிஃபுல், ப்ரிட்டி, க்ரேட். அவ்வளவுதான். மனிதர்கள் பாராட்டும்போது புதுமையைத் தேடுவதில்லை, தேய்ந்த சொல்லைத்தான் எடுக்கிறார்கள், தேய்ந்திருப்பதால்தான் அது யாரையும் குத்துவதில்லை. கொச்சை வார்த்தை கற்றுக்கொள்வது ஜாலியாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் தமிழ் படிக்கிறவருக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது 'படம் நல்லா இருக்கு' என்கிற மூன்று வார்த்தை. 'நீ' என்று தொடங்காமல் 'படம்' என்றும் 'இந்தக் கலர்' என்றும் தொடங்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார், படத்தைத் தேர்ந்தெடுத்தார், அவருடைய ரசனையைப் பாராட்டுங்கள். உடம்பை விட்டுவிடுங்கள்.

பனையோலை எழுதியது:

கொச்சை வார்த்தை என்றால் எல்லோரும் உஷாராகிவிடுகிறோம். எனக்குப் பயம் மரியாதையான பாராட்டுகள் மேல். எங்கட ஈழத்துப் பேச்சில் அழகை 'வடிவு' என்றுதான் சொல்லுவோம், 'வடிவா இருக்கிறீங்கள்' என்று தெரிந்தவர் யாரிடமும் சொல்லலாம், 'வடிவா யோசிச்சுப் பாருங்கோ' என்று சிந்தனைக்கும் அதே சொல், நல்ல சொல். ஆனால் அதே வாயால்தான் 'கறுப்பெண்டாலும் வடிவான பிள்ளை' என்றும் சொல்லுகிறோம். தமிழ்நாட்டிலும் 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்பார்கள். அந்த 'இருந்தாலும்' என்ற ஒற்றைச் சொல்லில் எத்தனை பிள்ளைகள் குறுகிப் போயிருக்கிறார்கள். இதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, சொல்லுகிறவர் பாசமான பெரியம்மாவாக இருப்பார், கேட்கிற பிள்ளை நன்றி சொல்லுவதா அழுவதா என்று தெரியாமல் நிற்கும். உங்கள் தடைப் பட்டியலில் இது எந்த இடத்தில் வரும்?

மற்ற மொழிகளிலும் இப்படி உண்டு. கொரியாவிலும் ஜப்பானிலும் 'முகம் சின்னதாக இருக்கிறது' என்பது பெரிய பாராட்டு, அங்கே அது அழகின் அளவுகோல். வேறு மொழிக்காரரிடம் சொன்னால் என் முகத்துக்கு என்ன குறை என்று கண்ணாடியைத் தேடுவார். சீனத்தில் 'மெய்நூ', அழகி, என்பது முன்பின் தெரியாத பெண்ணைக் கூப்பிடுகிற சாதாரண விளியாகிவிட்டது, ஆணென்றால் 'ஷுவாய்கெ'. அழகு என்ற பொருளே அதில் தேய்ந்துவிட்டது. நாங்கள் 'தங்கச்சி' என்று கூப்பிடுவதுபோல அவர்கள் கூப்பிடுவதை, படிக்கிற பிள்ளைகள் பாராட்டு என்று நினைத்துக்கொள்ளக் கூடும்.

உடம்பு எடை இன்னும் சிக்கல். ஸ்பானிஷில் 'கோர்தா', 'கோர்தித்தா', குண்டம்மா என்கிற மாதிரிச் சொல், காதலர்களும் குடும்பத்தாரும் செல்லமாகச் சொல்லுவது, ஒல்லியான பெண்ணையும் அப்படிக் கூப்பிடுவார்கள். தமிழில் 'பூசினாற்போல இருக்கிறாய்' என்று மூத்தவர்கள் வாழ்த்துவதுபோலச் சொல்லுவார்கள். மெலிவதற்குப் பாடுபடுகிற இளம்பெண்ணுக்கு அது இடிபோல விழும். 'கண்ணு பட்டுடும் போல இருக்கே' என்று சொன்னால் கேட்கிறவர் முகம் மலரும். துருக்கியிலும் அரபியிலும் அழகைப் பாராட்டிய கையோடு 'மாஷா அல்லாஹ்' சேர்ப்பது அதே எண்ணத்தில்தான், பாராட்டு பொறாமையாக விழுந்துவிடக் கூடாது என்ற கவனம். அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாராட்டில் ஆபத்து இருக்கிறது என்று அந்த மொழிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

தம்பி நெடில், மல்லாரி சொன்ன 'படம் நல்லா இருக்கு' நல்ல தொடக்கம். அதோடு தோல் நிறம், எடை, உயரம், முகத்தின் அளவு பற்றி எந்த மொழியிலும் எழுத வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கோ, நல்ல எண்ணத்தில் சொல்லுகிறவருக்கும் சேர்த்துத்தான்.

நெடில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று பிரேசில்காரரிடம் ஆய்தம் சொன்ன 'கொஸ்தோசா' கேள்வியைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பதில் எழுதவில்லை, அப்புறம் 'ஐயோ' என்று தமிழிலேயே எழுதினார். அந்தப் பெண்ணிடம் தானே நேரடியாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். வேண்டாம், அவர் விலகிப்போனதே இவரோடு பேச விருப்பமில்லை என்பதால்தான், என் மூலமாகச் சொல்கிறேன் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். இது சரியா?

குழுவுக்கு இப்போதைக்கு இப்படி எழுதிவைத்திருக்கிறேன்: படத்தைப் பாராட்டுங்கள், உடையை, அதன் நிறத்தை, இடத்தைப் பாராட்டுங்கள். உடலைப் பற்றி, நல்லதாக இருந்தாலும், அவரே கேட்டாலொழிய எழுத வேண்டாம். புதிதாகக் கேட்ட கொச்சை வார்த்தையைப் பொதுவில் எழுதும் முன் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். எங்களிடம் ஏற்கெனவே மொழிவாரியாக ஒரு கொச்சைச் சொல் தொகுப்பு உண்டு, அதில் இதுவரை சொல், பொருள் என்று இரண்டு பத்திகள்தான் இருந்தன. மூன்றாவதாக 'யார் யாரிடம் சொல்வது' என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். தமிழ்ப் பகுதியை நிரப்பத் தொடங்கியதில் ஒரு கேள்வி வந்தது. ஆண்களுக்குச் சொல்கிறவற்றை எங்கே வைப்பது? 'கெத்தா இருக்கே', 'மாஸா இருக்கே' இவற்றைப் பொதுவில் அனுமதிக்கலாமா?

மல்லாரி எழுதியது:

நீங்கள் நிறுத்தியது சரி. அவர் வருத்தத்தைத் தெரிவித்தார் என்று மட்டும் சொல்லுங்கள், அந்தப் பெண் மன்னிக்க வேண்டும், திரும்ப வர வேண்டும் என்று கேட்காதீர்கள். எழுதியதை நீக்கிவிட்டோம், விதியை மாற்றியிருக்கிறோம் என்பதைச் சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம்.

ஆய்தம் எழுதியது:

மல்லாரி சொன்ன அந்த 'டி' விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன், உங்கள் மூன்றாவது பத்தி அதற்கும் இடம் கொடுத்துவிட்டது.

'கெத்து', 'மாஸ்' இரண்டும் நிற்கிற தோரணையைச் சொல்கிறவை, மூக்கையும் நிறத்தையும் தொடுவதில்லை. பெண்களுக்கும் இப்போது தாராளமாகச் சொல்கிறார்கள். பொதுவில் இருக்கலாம். 'ஹேண்ட்சம்' கூடப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆண்களைப் பொருளாக்குகிற வார்த்தைகளுக்கும் மூன்றாவது பத்தியில் அதே கட்டுப்பாடு போடுங்கள். சீனத்தில் இளம் நடிகர்களைச் 'சியாவ் சியான்ரோ', இளசான புதிய இறைச்சி, என்று சொல்கிறார்கள், இணையத்தில் அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது, சீனம் படிக்கிற உங்கள் உறுப்பினர் யாராவது அதை இன்னொரு உறுப்பினரின் படத்துக்குக் கீழே எழுத எத்தனை நாள் ஆகும்? ஜப்பானியம் படிக்கிறவர்கள் வளர்ந்த ஆணுக்குக் 'கவாய்', அதாவது க்யூட், என்று எழுதும் முன்னாலும் கேட்டுக்கொள்ளட்டும், சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குத் தன்னைக் குழந்தையாக்கிவிட்டார்கள் என்று தோன்றும், 'கக்கொய்', அதாவது ஸ்டைலாக இருக்கிறார் என்பது, பாதுகாப்பானது.

தெலுங்கில் 'கத்தி' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, நம் கத்தியேதான், பாட்டுக்கும் வண்டிக்கும் பிரமாதம் என்கிற பொருளில் சொல்வார்கள், ஆளுக்கும் சொல்கிறார்கள். அது பெண்ணிடம் நேரில் சொல்லத்தக்கதா என்று தெலுங்கு பேசுகிற பெண்கள் யாராவது இங்கே இருந்தால் நெடிலுக்குச் சொல்லுங்கள், அந்தப் பத்தியை நாம் நிரப்ப வேண்டாம்.